ஸ்கேனில் பதில் சொன்ன சென்சார், அளவீட்டில் ஏமாற்றியது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு சிறிய நூலகத்தின் ஆவண அறை. பழைய கோப்புகள், கட்டுக்கட்டாகத் தாள்கள், சில கையெழுத்துப் பிரதிகள். ஈரப்பதம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும், ஒரேயடியாக இறங்கினால் தாள் நொறுங்கும் என்பதால் அறையின் வெப்பநிலையும் ஈரப்பதமும் நிமிடத்துக்கு ஒருமுறை பதிவாக வேண்டும் என்று நூலகப் பொறுப்பாளர் கேட்டிருந்தார். அவ்வப்போது நூலகத்துக்குக் கணினி வேலை செய்துகொடுக்கும் ஒரு இளைஞர் இதை எடுத்துக்கொண்டார்.

அவர் தேர்ந்தெடுத்தது ராஸ்பெர்ரி பை 3 என்ற ஒற்றைப் பலகைக் கணினி, கூடவே பிஎம்இ280 சில்லு பொருத்திய ஆறு பின் மாட்யூல் ஒன்று. இந்தச் சில்லு வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் அளக்கும். மாட்யூலில் வோல்ட்டேஜைக் குறைத்துக்கொடுக்கும் ரெகுலேட்டர் கிடையாது, 3.3 வோல்ட்டை நேராகக் கொடுக்க வேண்டும். சென்சாரும் பையும் பேசிக்கொள்வது ஐ2சி என்ற இரண்டு கம்பி முறையில்: டேட்டாவுக்கு எஸ்டிஏ, கடிகாரத்துக்கு எஸ்சிஎல். இந்தக் கம்பிகளுக்கு மாட்யூலிலேயே 10 கிலோஓம் புல்-அப் மின்தடைகள், அதாவது யாரும் கீழே இழுக்காதபோது கம்பியை மேலே தூக்கிப் பிடிப்பவை, இருக்கின்றன, அவை மாட்யூலின் விசிசி பின்னோடு, அதாவது மின்சாரம் வாங்கும் பின்னோடு, இணைந்தவை. ராஸ்பெர்ரி பை பலகையிலும் எஸ்டிஏ, எஸ்சிஎல்-லுக்கான பின் 3, பின் 5 இரண்டுக்கும் 1.8 கிலோஓம் புல்-அப் நிரந்தரமாக உண்டு. இந்த இரண்டு விவரங்களும் பின்னால் முக்கியமாகப் போகின்றன, அதனால்தான் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

மேசையில் குட்டை ஜம்பர் வயர்களோடு வைத்துப் பார்த்தபோது எல்லாம் நன்றாக வேலை செய்தது. ஐ2சி ஸ்கேன் ஓட்டினால் ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 76 என்ற முகவரி தெரிந்தது, பைத்தான் நிரல் மூன்று அளவுகளையும் படித்தது. அதன்பிறகு நிறுவினார்கள். பை பலகை பக்கத்து அலுவலக அறையில், சென்சார் ஆவண அறைக் கதவை ஒட்டிய அலமாரியில் ஒரு சின்னப் பெட்டிக்குள், நடுவே சுவர் வழியாக ஏறக்குறைய 4 மீட்டர் நெட்வொர்க் கேபிள்.

நான் இதில் வந்து சேர்ந்தது நடுவில்தான். அதற்கு முந்தைய பகுதிகளை அந்த இளைஞர் எழுதிவைத்திருந்த குறிப்புகளிலிருந்தும் லாக் ஃபைலிலிருந்தும் எடுத்து எழுதுகிறேன். அவர் குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவர் என்பதால்தான் இந்த ஆய்வே சாத்தியமானது.

முதலில் தெரிந்தவை

நிறுவிய கொஞ்ச நாளிலேயே லாகில் பிழை எண் 121 வர ஆரம்பித்தது, அதாவது ரிமோட் ஐ/ஓ எரர். லினக்ஸில் ஐ2சி சென்சாரைப் படிக்கும்போது இந்த எண் வந்தால் பெரும்பாலும் அர்த்தம் ஒன்றுதான்: பை கூப்பிட்டது, எதிர்முனையிலிருந்து ஏக்னாலெட்ஜ், அதாவது "கேட்டேன்" என்ற பதில், வரவில்லை. சில நேரம் மணிக்கணக்கில் ஒன்றுமே வராது, திடீரென்று கொத்தாக வரும்.

குழப்பத்தைக் கிளப்பியது வேறொன்று. பிழை வந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு டெர்மினலில் ஐ2சி ஸ்கேன் ஓட்டினால் 76 அழகாகத் தெரிகிறது. குறிப்பில் அவர் எழுதியிருந்தது இப்படி: "ஸ்கேனில் இருக்கிறது, ஆகவே வயரிங் சரி. நிரலில்தான் பிரச்சினை."

இந்த ஒரு வரிதான் அடுத்த சில வாரங்களின் திசையை முடிவு செய்தது. ஸ்கேன் என்ன செய்கிறது என்று பார்த்தால் இதில் உள்ள ஓட்டை புரியும். அது ஒவ்வொரு முகவரியாக பஸ்ஸில், அதாவது அந்த இரண்டு கம்பிகளில், அனுப்பி, அந்த ஒற்றை பைட்டுக்கு யாராவது ஏக்னாலெட்ஜ் கொடுக்கிறார்களா என்று மட்டுமே பார்க்கிறது. டேட்டா எதையும் வாங்குவதில்லை, சென்சார் அளக்கும் நிலையில் இருக்கிறதா என்று கேட்பதில்லை, விசிசி பின்னில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று அதற்குத் தெரியவும் தெரியாது. கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து "ம்" என்று ஒரு குரல் வருகிறது, அவ்வளவுதான் அதற்குள் இருக்கும் தகவல். முகவரி தெரியவில்லை என்றால் ஏதோ கோளாறு என்று உறுதியாகச் சொல்லலாம். தெரிகிறது என்பதை வைத்து எல்லாம் சரி என்று சொல்ல முடியாது.

நிரலில் செய்த மாற்றங்கள்

நிரல்தான் காரணம் என்று முடிவானதும் அவர் செய்தது பலரும் செய்வதுதான்: பிழை வந்தால் அரை விநாடி பொறுத்து மறுபடி முயற்சி, மூன்று முறை வரை, அதுவும் தோற்றால் முந்தைய அளவையே எழுதிவிடு. லாக் சுத்தமாகிவிட்டது. வரைபடத்தில் இடைவெளி இல்லை. பொறுப்பாளருக்கும் திருப்தி.

இதில் மறுமுயற்சி என்ற யோசனையைக் குறை சொல்ல மாட்டேன். ஐ2சி பஸ்ஸில் எப்போதாவது ஒரு பிழை வருவது இயல்பு, அதற்கு ஒருமுறை மறுபடி படிப்பது நியாயம். முந்தைய அளவையே திரும்ப எழுதுவது வேறு சங்கதி, அது அளக்காத ஒன்றை அளந்ததாகக் காட்டுகிறது. மறுமுயற்சிகள் எத்தனை நடந்தன என்ற கணக்கும் எங்கேயும் பதிவாகவில்லை, ஆகவே கோளாறு கூடுகிறதா குறைகிறதா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் போனது.

சென்சாரே போலியோ என்ற சந்தேகமும் அவருக்கு வந்திருக்கிறது. பிஎம்இ280 என்று சொல்லி ஈரப்பதம் அளக்காத பிஎம்பி280 வந்துவிடுவது சகஜம், இரண்டும் பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரி, முகவரியும் ஒன்றே. இதை அவர் சரியாகவே சோதித்தார். சில்லுக்குள் டி0 என்ற ரெஜிஸ்டரை, அதாவது ஒரு சிறு நினைவிடத்தைப் படித்தால் பிஎம்இ280 ஹெக்ஸ் 60 என்று சொல்லும், பிஎம்பி280 ஹெக்ஸ் 58 என்று சொல்லும். 60 வந்தது. அந்தச் சந்தேகம் அங்கேயே முடிந்தது.

கேபிள் நீளத்தின் மேல் சந்தேகம்

மறுமுயற்சி போட்டும் ஒருநாள் நிரல் நின்றுபோனபோது, அவருக்குத் தெரிந்த ஒருவர் "ஐ2சி பலகைக்குள்ளே ஓட வேண்டிய சங்கதி, நாலு மீட்டர் எல்லாம் தாங்காது" என்றிருக்கிறார். பொதுவாகப் பார்த்தால் தவறான எச்சரிக்கை இல்லை. ஐ2சி பலகைக்குள் சில்லுகள் பேசிக்கொள்ளத்தான் வந்தது, அதன் விவரக்குறிப்பு 100, 400 கிலோஹெர்ட்ஸ் வேகங்களுக்கு பஸ்ஸின் மொத்த மின்தேக்கத்தை (கம்பிகள் மின்னூட்டத்தைத் தேக்கி சிக்னலை மந்தமாக்கும் அளவை) 400 பிகோஃபாரட் என்று கட்டுப்படுத்துகிறது. ஆனால் இந்த இடத்தில் தாங்குமா தாங்காதா என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

நெட்வொர்க் கேபிளின் ஒரு ஜோடியில் மீட்டருக்கு 50 பிகோஃபாரட்டை ஒட்டி மின்தேக்கம் இருக்கும், 4 மீட்டருக்கு 200-லிருந்து 225 வரை என்று வைத்துக்கொள்வோம். புல்-அப் பக்கம் பையின் 1.8 கிலோஓமும் மாட்யூலின் 10 கிலோஓமும் இணையாகச் சேர்ந்து சுமார் 1.5 கிலோஓம் ஆகிறது. சிக்னல் கீழிருந்து மேலே ஏற எடுக்கும் நேரம் ஏறக்குறைய 0.85 பெருக்கல் மின்தடை பெருக்கல் மின்தேக்கம். போட்டுப் பார்த்தால் 300 நானோவிநாடிக்குள் வருகிறது. 100 கிலோஹெர்ட்ஸில் அனுமதிக்கப்பட்ட உச்சம் 1000 நானோவிநாடி. தாராளமாக இடம் இருக்கிறது.

இந்தக் கணக்கை அப்போது யாரும் போடவில்லை. அதற்குப் பதில் ஒரு சோதனை செய்தார்கள், அது கணக்கைவிட நல்ல விடை கொடுத்தது, மிக நல்ல விடை. பையின் கன்ஃபிக் ஃபைலில் ஐ2சி வேகத்தை வழக்கமான 100 கிலோஹெர்ட்ஸிலிருந்து 10 கிலோஹெர்ட்ஸாகக் குறைத்தார்கள். கேபிளின் மின்தேக்கம்தான் காரணம் என்றால், வேகம் குறையக் குறைய சிக்னலுக்கு ஏற நேரம் கிடைக்கும், பிழைகள் மறைய வேண்டும்.

பிழைகள் கூடின. வழக்கமாக மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த நேரங்களில்கூட 121 வந்தது. குறிப்பில் "வேகம் குறைத்தால் மோசம், ஏன் என்று புரியவில்லை, பழையபடி 100-க்கே மாற்றிவிட்டேன்" என்று மட்டும் இருக்கிறது.

என் பார்வையில் இந்த நிகழ்வு முழுவதிலும் இதைவிட நல்ல தடயம் கிடைக்கவில்லை. மெதுவாகப் பேசினால் மோசமாகும் கோளாறு என்றால் அது சிக்னலின் வடிவத்தைச் சார்ந்தது இல்லை, கம்பி எவ்வளவு நேரம் கீழே இழுத்துப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சார்ந்தது. அது ஏன் முக்கியம் என்பது கீழே வரும். எதிர்பார்ப்புக்கு நேர் எதிரான விளைவு வந்தால் அமைப்பைப் பழையபடி மாற்றி மறந்துவிடாமல் அதை அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் மீதிக் கதை பாதியாகச் சுருங்கியிருக்கும்.

ஜோடி மாற்றமும் பொய்யான வெற்றியும்

அடுத்து கேபிளுக்குள் எந்த நிறக் கம்பி எங்கே போகிறது என்று பார்த்தார்கள். எஸ்டிஏ-வும் எஸ்சிஎல்-லும் ஒரே முறுக்கு ஜோடியில், அதாவது நீலமும் நீல-வெள்ளையும். இது உண்மையிலேயே தவறான வயரிங். நெட்வொர்க் சிக்னலில் ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளும் ஒன்றுக்கொன்று எதிராக ஆடும், அதற்காகத்தான் முறுக்கியிருக்கிறார்கள். ஐ2சி-யில் கடிகாரமும் டேட்டாவும் தனித்தனிச் சிக்னல்கள். அவற்றைச் சேர்த்து முறுக்கினால் ஒன்றின் விளிம்பு மற்றதில் கசியும். ஐ2சி விவரக்குறிப்பே இதைச் சொல்கிறது: பஸ் கம்பிகளை முறுக்கு ஜோடியில் கொண்டுபோனால் ஒவ்வொன்றையும் ஒரு கிரவுண்ட் கம்பியோடு முறுக்க வேண்டும்.

மாற்றினார்கள். எஸ்டிஏ ஒரு கிரவுண்டோடு, எஸ்சிஎல் இன்னொரு கிரவுண்டோடு, 3.3 வோல்ட் மூன்றாவது ஜோடியில். அதன்பின் பிழை வரவில்லை. நாட்கள் போயும் வரவில்லை. "கிராஸ்டாக் பிரச்சினை, தீர்ந்தது" என்று குறிப்பை முடித்துவிட்டார்.

ஜோடி மாற்றியது சரியான வேலைதான், அதை யாரும் திரும்ப மாற்றவில்லை. ஆனால் அதனால்தான் பிழை நின்றது என்று சொல்ல ஆதாரம் போதாது. ஏனென்றால் கம்பியை மாற்றும்போது சென்சார் பெட்டியைத் திறந்து, மாட்யூலைக் கையில் எடுத்து, எல்லா ஜம்பர்களையும் பிடுங்கி மறுபடி செருகியிருக்கிறார்கள். ஒரே நேரத்தில் இரண்டு விஷயம் மாறிவிட்டது: வயர் வரிசை ஒன்று, தொடர்புகளின் இறுக்கம் இன்னொன்று. எது வேலை செய்தது என்று அந்தச் சோதனையால் சொல்ல முடியாது. எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேரில் "கழற்றி மாட்டினேன், சரியாகிவிட்டது" என்று வரும் ஒவ்வொரு முறையும் லூஸ் கான்டாக்ட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கோடு போட்ட மாதிரி ஒரு வரைபடம்

கோளாறு இன்னும் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் பொறுப்பாளர். அவருக்கு ஐ2சி-யும் தெரியாது, பைத்தானும் தெரியாது. திரையில் ஈரப்பத வரைபடம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல இருந்தது, வெளியே மழை பிடித்து நாள் முழுக்கப் பெய்துகொண்டிருந்தது. இளைஞரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். "மேடம், லாகில் ஒரு எரர்கூட இல்லை, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்று பதில். "எரர் இல்லைன்னா சரி, ஆனா இந்த ரூம்ல மழை நாளும் வெயில் நாளும் ஒரே மாதிரி இருக்காதே தம்பி" என்று அவர் விடவில்லை. அந்த நச்சரிப்புக்குப் பிறகுதான் என்னிடம் வந்தார்கள்.

ஃபைலைத் திறந்து பார்த்தேன். வெப்பநிலை 22 டிகிரியை ஒட்டிய ஒரு எண், தசமத்தின் கடைசி இலக்கம் வரை மாறாமல், பல மணி நேரத்துக்கு. ஈரப்பதமும் அப்படியே. இயங்கும் சென்சார் எதுவும் இப்படி இருக்காது. காற்று அசையாத மூடிய பெட்டிக்குள் வைத்தாலும் இரண்டாம் தசமத்தில் ஆடிக்கொண்டேதான் இருக்கும். பழைய மறுமுயற்சி நிரல் முந்தைய அளவைத் திரும்ப எழுதுகிறதோ என்று முதலில் நினைத்து அந்தப் பகுதியை நீக்கச் சொன்னோம். நீக்கியும் உறைந்த எண்கள் வந்தன. பிழை எதுவும் இல்லாமல், சென்சாரிலிருந்தே.

ஃபைலில் காற்றழுத்தமும் இருந்தது, திரையில் மட்டும் காட்டப்படவில்லை, ஆவண அறைக்கு அது தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். அதைப் பார்த்ததும் விஷயம் வெளிச்சமானது: எண்கள் உறைந்த நேரங்களிலெல்லாம் அழுத்தம் 700 ஹெக்டோபாஸ்கலுக்குக் கீழே. கடல்மட்டத்தில் அது 1013-ஐ ஒட்டி இருக்கும். 700-க்குக் கீழே என்றால் 3000 மீட்டருக்கு மேல் ஏறியிருக்க வேண்டும். நூலகம் எங்கேயும் ஏறவில்லை.

மூல பைட்டுகள் சொன்னது

நிரலை நிறுத்திவிட்டு, உறைந்த நிலையிலேயே சென்சாரின் ரெஜிஸ்டர்களை நேராகப் படித்தோம். அளவுகள் இருக்கும் எஃப்7 முதல் எஃப்இ வரையிலான எட்டு பைட்டுகள்: 80 00 00 80 00 00 80 00. இது பிஎம்இ280-இன் ரீசெட் மதிப்பு. எதையும் அளக்காமல் தூங்கிக்கொண்டிருக்கும்போது அந்த இடங்களில் இருப்பது இதுதான். அடுத்து, அளவிடும் முறையை முடிவு செய்யும் எஃப்4 ரெஜிஸ்டர். நிரல் தொடக்கத்தில் அதில் ஹெக்ஸ் 27 என்று எழுதுகிறது, அதாவது தொடர்ந்து அளந்துகொண்டே இரு என்று. இப்போது அதில் இருந்தது 00.

நிரல் 00 என்று எழுதவே இல்லை. ஆகவே சென்சார் தானாக ரீசெட் ஆகியிருக்கிறது, அது நடக்க வேண்டுமானால் அதன் மின்சாரம் ஒரு கணமாவது அறுந்திருக்க வேண்டும். ரீசெட்டுக்குப் பின் சில்லு தூக்க நிலையில் விழித்து, யாராவது எஃப்4-இல் எழுதும்வரை அப்படியே கிடக்கும். நிரல் தொடங்கும்போது ஒருமுறை மட்டுமே எழுதுகிறது. பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை அந்த எட்டு பைட்டுகளைப் படித்து, சில்லின் நிரந்தர நினைவில் உள்ள திருத்த எண்களோடு கணக்கிட்டு, நம்பத்தகுந்த ஒரு வெப்பநிலையைக் கொடுக்கிறது. தகவல்தொடர்பு நூற்றுக்கு நூறு சுத்தம், தகவல் குப்பை. நிரலை மறுபடி தொடங்கினால் எஃப்4-இல் திரும்ப எழுதப்படும், எல்லாம் உயிர்பெறும். "ரீஸ்டார்ட் பண்ணினால் சரியாகிறது, ஆகவே நிரல்தான்" என்ற பழைய எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது தெரிந்துவிட்டது.

எண்கள் உறைய ஆரம்பித்த நேரங்களை எடுத்து, ஆவண அறைக்குள் போய்வருபவர்கள் கையெழுத்திடும் பதிவேட்டோடு ஒப்பிடச் சொன்னோம். ஒன்றிரண்டைத் தவிர எல்லாமே யாராவது உள்ளே போன அல்லது வெளியே வந்த நேரத்தோடு பொருந்தின. கனமான கதவு, அதை ஒட்டிய அலமாரியில் சென்சார். கதவு அடிக்கும்போது அலமாரி அதிர்கிறது.

வோல்ட்மீட்டர் வைத்த பொறி

சரி, விசிசி கம்பிதான் என்று தெரிந்துவிட்டது. இளைஞர் மல்டிமீட்டரை எடுத்து சென்சார் முனையிலேயே அளந்தார். 3.2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. மாட்யூலை அசைத்தார். கொஞ்சம் நடுங்கிவிட்டு மறுபடி அதே 3.2-க்கு வந்தது. "மின்சாரம் வருகிறதே" என்றார்.

அவர் அளந்தது சரிதான், ஆனால் அந்த மின்சாரம் விசிசி கம்பி வழியாகத்தான் வருகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மாட்யூலின் 10 கிலோஓம் புல்-அப்கள் ஒரு முனையில் எஸ்டிஏ, எஸ்சிஎல் கம்பிகளிலும் மறுமுனையில் மாட்யூலின் விசிசி-யிலும் இருக்கின்றன. பஸ் சும்மா இருக்கும்போது அந்தக் கம்பிகளை பையின் 1.8 கிலோஓம் மின்தடைகள் 3.3 வோல்ட்டில் தூக்கிப் பிடிக்கின்றன. விசிசி கம்பி அறுந்துபோனால் மின்சாரம் பின்வாசல் வழியாக வரும்: பையிலிருந்து சிக்னல் கம்பி, அதிலிருந்து 10 கிலோஓம், அதிலிருந்து விசிசி. போதாததற்கு, சில்லின் சிக்னல் பின்களிலிருந்து மின்வழங்கல் பின்னை நோக்கி நிலைமின்சாரத்துக்கு எதிரான இஎஸ்டி பாதுகாப்பு டயோடுகள் இருப்பதாக பிஎம்இ280-இன் டேட்டாஷீட்டே சொல்கிறது. தூக்கத்தில் இந்தச் சில்லு இழுப்பது ஒரு மைக்ரோஆம்பியரிலும் சின்னப் பங்கு. அதற்கு இந்தப் பின்வாசலே ஏராளம். மீட்டர் 3.2 காட்டியதில் வியப்பில்லை.

பேச ஆரம்பித்தால்தான் ஆட்டம் காணும். ஐ2சி-யில் பேசுவது என்றாலே கம்பிகளைக் கீழே இழுப்பதுதான். இழுக்கும் ஒவ்வொரு கணமும் பின்வாசல் சாத்தப்படுகிறது, மாட்யூலில் உள்ள குட்டி மின்தேக்கியில் மிச்சமிருப்பதுகூட அதே 10 கிலோஓம் வழியே வடிகிறது. ஸ்கேனில் 76-க்குப் போவது ஒரே ஒரு பைட், சட்டென்று முடிந்துவிடும், தாக்குப்பிடித்துப் பதில் சொல்லிவிடுகிறது. எட்டு பைட்டைத் தொடர்ந்து படிக்கும்போது நடுவில் மயங்கிவிடுகிறது, பைக்குக் கிடைப்பது 121. வேகத்தை 10 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைத்தால் ஒவ்வொரு தாழ்நிலையும் பத்து மடங்கு நீள்கிறது, மயக்கம் உறுதியாகிறது. குறிப்பில் விடை இல்லாமல் கிடந்த அந்த வரிக்கு இதுதான் விளக்கம் என்று எடுத்துக்கொண்டோம். அளந்து பார்த்தவை எல்லாவற்றோடும் இது பொருந்துகிறது, ஆசிலோஸ்கோப் வைத்து விசிசி விழுவதைக் கண்ணால் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆக, ஒரே கோளாறுக்கு இரண்டு முகம். விசிசி முழுதாக அறுந்திருக்கும்போது ஸ்கேனில் தெரியும், படித்தால் 121. ஒரு கணம் மட்டும் அறுந்து ஒட்டிக்கொண்டால் பிழையே வராது, எண்கள் உறைந்துவிடும்.

உறுதிப்படுத்தும் சோதனை எளிமையானது. எஸ்டிஏ, எஸ்சிஎல் இரண்டையும் கழற்றிவிட்டு, விசிசி-யும் கிரவுண்டும் மட்டும் இருக்க, சென்சார் பலகையிலேயே அளப்பது. பின்வாசல் இல்லை. மாட்யூலை மெல்ல அசைத்ததும் மீட்டர் பூஜ்யத்துக்கு விழுந்தது, விட்டதும் 3.3-க்கு ஏறியது.

சரிசெய்தது

பூதக்கண்ணாடியில் பார்த்தால் விசிசி பின்னில் டிரை சால்டர். ஈயம் பின்னைச் சுற்றிக் குமிழாக உட்கார்ந்திருந்ததே தவிர, பலகையின் பேடில் ஒட்டவே இல்லை. ஆறு பின்களில் இது ஒன்றுதான் அப்படி.

இடையில் ஒரு யோசனை வந்தது, வேண்டாம் என்று நிறுத்தினோம், அதையும் பதிவு செய்வது நல்லது. "வோல்டேஜ் விழுகிறது என்றால் 3.3-க்குப் பதில் 5 வோல்ட் கொடுத்துவிடலாமே" என்று அங்கிருந்த இன்னொருவர் கேட்டார். ரெகுலேட்டர் உள்ள மாட்யூலாக இருந்தால் பேசலாம். இதில் கொடுத்தால் சில்லின் இயங்கு வரம்பான 3.6 வோல்ட்டை அப்போதே தாண்டிவிடும், கூடவே மாட்யூலின் புல்-அப்கள் வழியாக 5 வோல்ட் பையின் பின்களுக்குப் போகும். பையின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கும்படி செய்யப்பட்டவை இல்லை. சென்சாரோடு பலகையும் போயிருக்கும்.

வன்பொருளில் செய்தது கொஞ்சம்தான். ஆறு பின்களையும் ஃப்ளக்ஸ் தடவி மறுபடி சால்டர் செய்தார்கள். ஜம்பர் வயர்களை எடுத்துவிட்டு இரு முனையிலும் ஸ்க்ரூ டெர்மினல் போட்டார்கள். பெட்டியைக் கதவுப் பக்க அலமாரியிலிருந்து எதிர்ச் சுவருக்கு மாற்றலாமா என்ற பேச்சு வந்தபோது நான் வேண்டாம் என்றேன், சால்டர் பிடித்ததா என்று சோதிக்க அந்த அதிர்வைவிட நல்ல கருவி கிடைக்காது.

நிரலில் மாற்றம் அதிகம். தொடர்ந்து அளக்கும் முறையை விட்டு, ஒவ்வொரு நிமிடமும் எஃப்4-இல் எழுதி ஒருமுறை அளக்கச் சொல்லிப் படிக்கும் ஃபோர்ஸ்டு மோடுக்கு மாற்றினார். நிமிடத்துக்கு ஒரு அளவு போதும் என்னும் வானிலைப் பயன்பாட்டுக்கு டேட்டாஷீட் பரிந்துரைப்பதும் இதுதான், சென்சார் தன் சூட்டில் தானே தவறாக அளப்பதும் குறையும். நடுவில் ரீசெட் ஆனாலும் அடுத்த நிமிடம் தானாக மீளும். படிக்கும் முன் எஃப்2 ரெஜிஸ்டரைப் பார்ப்பது சேர்ந்தது: ஈரப்பதம் அளக்க அதில் 01 எழுதியிருக்க வேண்டும், 00 இருந்தால் ரீசெட் நடந்திருக்கிறது, அதை நேரத்தோடு லாகில் எழுதிவிட்டு 01-ஐ மறுபடி போடு. மூல அளவு 80 00 00 என்றால் எண்ணாக மாற்றாதே, காலியாக விடு. மறுமுயற்சி ஒன்றே ஒன்று, அதற்கும் கணக்கு. முந்தைய அளவைத் திரும்ப எழுதும் பகுதி போய்விட்டது.

பின் நடந்தவை

கதவு வழக்கம்போல அடித்துச் சாத்தப்பட்டது, ரீசெட் எதுவும் பதிவாகவில்லை. மறுமுயற்சிக் கணக்கு பூஜ்யத்தை ஒட்டியே நிற்கிறது. ஆர்வத்தில் இளைஞர் வேகத்தை 10 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைத்தும் பார்த்தார், இப்போது ஒரு வித்தியாசமும் இல்லை. மின்சாரம் பற்றிய விளக்கத்துக்கு இது இன்னொரு ஆதாரம்.

பழைய தரவை என்ன செய்வது என்பதில்தான் கொஞ்சம் வாக்குவாதம். இளைஞர் உறைந்த பகுதிகளை இருபக்க அளவுகளை வைத்து நிரப்பிவிடலாம் என்றார். பொறுப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த இடைவெளிகளில் மழை நாட்கள் இருக்கின்றன, பூஞ்சை வர வாய்ப்புள்ள நாட்களே அவைதான், அங்கே கற்பனை எண் போடுவதற்கு எண்ணே இல்லாமல் இருக்கலாம் என்றார். நானும் அவர் பக்கம்தான். அழுத்தம் ஃபைலில் இருந்ததால் உறைந்த வரிகளைப் பிரித்தெடுப்பது சுலபமாக இருந்தது, அவற்றையெல்லாம் காலியாக்கினார்கள். மறுமுயற்சி நிரல் திரும்ப எழுதிய வரிகளை அப்படிப் பிரிக்க முடியவில்லை, அவை நல்ல அளவுகளோடு கலந்துவிட்டன. அந்த நிரல் ஓடிய காலம் முழுவதையும் "நம்பகமற்றது" என்று குறித்துவைத்தார்கள்.

இனி மாற்றிச் செய்வது

மாட்யூலை மேசையில் சோதிக்கும்போதே ஒவ்வொரு பின்னையும் அசைத்துப் பார்ப்பார்கள், சிக்னல் கம்பிகளைக் கழற்றிவிட்டு விசிசி-யை அளப்பார்கள். ஸ்கேனில் முகவரி தெரிந்ததும் அங்கேயே நிற்காமல், டி0-வைத் தொடர்ந்து சில ஆயிரம் முறை படித்து 60 தவிர வேறெதும் வருகிறதா என்று எண்ணும் ஒரு சின்ன நிரலை இளைஞர் எழுதிவைத்திருக்கிறார், கேபிள் மாற்றும்போதெல்லாம் அதை ஓட்டுகிறார். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்பதை அவரே குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டார். அழுத்தம் இப்போது திரையிலும் வருகிறது.

இரண்டாவது ஆவண அறைக்கும் இதே ஏற்பாடு கேட்டிருக்கிறார்கள், அது பை இருக்கும் இடத்திலிருந்து ஏறக்குறைய 12 மீட்டர். கேபிள் மட்டுமே 600 பிகோஃபாரட்டைத் தொட்டுவிடும், 400 என்ற வரம்பு அங்கேயே உடைகிறது. ஆகவே அந்த அறைக்கு ஐ2சி-யை இழுப்பதில்லை என்று முடிவாகியிருக்கிறது. வைஃபை உள்ள சின்னப் பலகை ஒன்றை சென்சாருக்குப் பக்கத்திலேயே வைப்பதா, நீண்ட கேபிளுக்கான ஆர்எஸ்-485 இணைப்புள்ள சென்சார் வாங்குவதா என்பது இன்னும் பேச்சில் இருக்கிறது. அந்த அறையின் சுவர் தடிமனைப் பார்த்தால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.